சோலார் மானியம் 78,000 ரூபாய்: முதலில் இபி கார்டில் யார் பெயர் என்று பாருங்கள்

எங்கள் தெருவில் ஓர் அம்மா மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஐந்து மாதம் ஆகிறது, மானியம் இன்னும் வரவில்லை. மின் இணைப்பு இறந்துபோன கணவர் பெயரில் இருந்திருக்கிறது. விண்ணப்பமும் அதே பெயரில் போய்விட்டது. கடைசியில் அம்மாவின் வங்கிக் கணக்கைக் கொடுத்தபோதுதான் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பியது. பேனல் போட்டவர் "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்மா" என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிவிட்டார். இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது.

இந்த மானியம் தரும் மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் பி.எம். சூர்ய கர், 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 என்றால் 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய். வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

இணைப்பு அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று கேட்பார்கள், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அலைவதிலேயே மாதங்கள் ஓடும். அதை முடிக்காமல் பேனலுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இபி, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும், இனிஷியல் உட்பட. புதிதாக வீடு கட்டியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பு வீட்டு இணைப்பாக மாறிவிட்டதா? குடிவந்து வெகு நாளாகியும் மாற்றாமல் இருப்பவர்கள் நிறைய.

அப்புறம் பேனல். இந்தியாவில் செய்த செல், இந்தியாவில் செய்த பேனல், இரண்டும் சேர்ந்த 'டி.சி.ஆர்.' வகைக்குத்தான் மானியம். விலை குறைவு என்று வேறு வகையை மாட்டிவிட்டால் மானியம் கிடையாது. பில்லில் டி.சி.ஆர். என்று எழுதி வாங்குங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் பேனலின் பின்பக்கம் இருக்கும், ஃபிரேமில் ஏற்றிய பிறகு குனிந்து தவழ்ந்தாலும் படிக்க முடியாது, அதனால் தரையில் இருக்கும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். வெண்டர், அதாவது பேனல் போடுபவர், திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரம், திருப்பித் தரும் சோலார் மின்சாரம் இரண்டையும் கணக்கிடுவது) மாட்டும்வரை ஒரு பகுதிப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்துவிட்டால் அவர் போனை எடுக்க மாட்டார்.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் "லோடு பத்தாது", "ஃபீசிபிலிட்டி பார்க்கணும்", "ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வெளியே போயிருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் வந்த திருத்தப்படி, 10 கிலோவாட் வரை அந்த ஃபீசிபிலிட்டி ஆய்வே, அதாவது சோலாரை அங்கே இணைக்க முடியுமா என்று பார்ப்பதே, தேவையில்லை. லோடை, அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமையை, அதற்கேற்ப உயர்த்துவது மின்வாரியத்தின் வேலை. பேனல் அமைத்த சான்றைக் கொடுத்த 15 நாளுக்குள் மீட்டர் மாட்டி இயக்கித் தர வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நாள் தாண்டினால் மின்னகம் 94987 94987-ல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துவையுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு அந்த நகலோடு போங்கள்.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால் தண்ணீர்த் தொட்டியையும் மாடிப்படி அறையையும் தெற்கே வைக்காதீர்கள் என்று மேஸ்திரியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதோடு வரிசையாக இணைத்த மற்றவற்றிலும் உற்பத்தி குறையும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். மாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை ஒரு பைப்பைச் சுவரிலேயே பதித்துவிட்டால் பூசிய சுவரைப் பிறகு உடைக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, மீட்டர் ஓடத் தொடங்கியதும் மானியம் தானாக வந்துவிடாது. இணையதளத்தில் உள்ளே போய் வங்கி விவரம் கொடுத்து மானியத்தைக் கேட்க வேண்டும். வெண்டர் செய்துவிட்டதாகச் சொன்னாலும் உங்கள் மொபைல் எண்ணில் நீங்களே திறந்து பாருங்கள்.