ஆர்.சி.க்காரங்களுக்கு இரட்சிப்பு உண்டா ஐயா?

இந்தக் கேள்வி வேதபாட வகுப்பில் என்னிடம் வந்ததே இல்லை. கல்யாண அறிக்கை வாசிக்க இரண்டு வாரம் இருக்கும்போது பெண்ணின் அப்பா தனியாக வருவார், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து மழை, பஸ், முழங்கால் வலி என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு, எழுந்திருக்கப் போகும்போது கேட்பார். மாப்பிள்ளை ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். நல்ல வேலை, குடி கிடையாது, எல்லாம் சரிதான். "ஆனா ஐயா, அவங்க கிரியையினாலே இரட்சிப்புன்னு நம்புறவங்கல்லா?" தங்கள் நற்செயல்களாலேயே மீட்பு கிடைக்கும் என்று அவர்கள் நம்புவதாக அவர் நினைப்பு.

நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) சபைகளில் இருபது வருஷமாக ஊழியம் செய்கிறேன். அந்த அப்பாமாருக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் இறையியல் படிக்கப் போனேன். அங்கே ஒரு ஆசிரியர் ஒரு வரியை வாசித்து, இது யார் சொன்னது என்றார். கிறிஸ்துவின் மூலம் வரும் கிருபை இல்லாமல், தன் சொந்தக் கிரியைகளால் ஒருவன் தேவனுக்கு முன் நீதிமானாக முடியும் என்று யாராவது சொன்னால் அவன் சபிக்கப்பட்டவன் என்பதுதான் அதன் சாரம். வகுப்பே "லூத்தர்" என்று கத்தியது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய அந்த லூத்தரை மறுப்பதற்காகவே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம், நீதிமானாக்கப்படுதல் பற்றி 1547 ஜனவரியில் போட்ட முதல் விதி அது! அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை.

அதற்காக வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே பட்டியலின் ஒன்பதாம் விதி, விசுவாசம் மட்டும் போதும், வேறெதுவும் தேவையில்லை என்பவர்களைச் சபிக்கிறது, அதாவது நம்மை. ரோமர் 3:28-இல் நம் பழைய வேதாகமம் "விசுவாசத்தினாலேயே" என்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கடைசி 'யே' மூலமொழியில் தனிச்சொல்லாக இல்லை. லூத்தரும் 1522-இல் ஜெர்மன் மொழியில் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தார், ஏன் சேர்த்தாய் என்று கேட்டவர்களுக்கு 1530-இல் காட்டமாகப் பதிலும் எழுதினார். யாக்கோபு 2:24-ஐத் திறந்தால் அதே நம் வேதாகமத்தில் "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல" என்று நிற்கிறது. ஐந்நூறு வருஷச் சண்டையில் பாதி இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில்தான் நடந்தது.

வீட்டு மொழியில் சொன்னால், நமக்கு நீதிமானாக்கப்படுதல் ஒரு தீர்ப்பு: குற்றவாளியைப் பார்த்து, கிறிஸ்துவினிமித்தம் நீ விடுதலை என்று நியாயாதிபதி சொல்லிவிடுகிறார், பரிசுத்த வாழ்க்கை அதற்குப் பின்னால் வருகிறது. அவர்களுக்கு அது வைத்தியம் மாதிரி. ஞானஸ்நானத்தில் தொடங்கி உள்ளே குணமாகிக்கொண்டே வருவது, சாவான பாவம் என்கிற பெரும்பாவத்தால் இழக்கக்கூடியது, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பக் கிடைப்பது. மருந்து கிருபைதான், அதை அவர்களும் மறுப்பதில்லை. ஆனால் தான் கிருபையில் இருப்பதாக யாரும் தவறவே முடியாத நிச்சயத்தோடு சொல்ல முடியாது என்று திரெந்து சொல்லிவிட்டது. நாம் மேடைக்கு மேடை கேட்கும் "இரட்சிப்பின் நிச்சயம் உண்டா?" என்ற கேள்வி அவர்கள் காதில் அகம்பாவமாக விழுவதற்கு இதுதான் காரணம்.

இந்த இடம் புரியாததால் வரும் கெடுதலை ஒரு ஆஸ்பத்திரி வார்டில் பார்த்தேன். எங்கள் சபை வீட்டில் பெண் கொடுத்த ஆர்.சி. அம்மா ஒருவர், எண்பது வயதுக்கு மேல், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் போவதற்குள் உறவுக்காரர் ஒருவர் அவர் விரலில் இருந்த ஜெபமாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இப்ப மரிச்சா பரலோகம் போவீங்கன்னு நிச்சயம் உண்டா, சொல்லுங்க, சொல்லுங்க" என்று காதருகே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா "ஆண்டவர் இரக்கப்படணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நிச்சயம் இல்லை என்று இவர் எடுத்துக்கொண்டார். எனக்கு இயேசு சொன்ன உவமையில் ஆலயத்தில் நின்று "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன்தான் ஞாபகம் வந்தான், நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பினவன் அவன்தானே. ஜெபமாலையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன், மகளிடம் பங்கு ஃபாதருக்குப் போன் போடச் சொன்னேன். அவர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தபோது நான் வராந்தாவில் நின்றுகொண்டேன். இதற்காகச் சபையில் இரண்டு பேர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

மற்றதில் எனக்குச் சம்மதமில்லாதது இன்னும் நிறைய உண்டு. மரித்தவர்களின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் என்று அவர்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் புத்தகம் நம் வேதாகமத்தில் இல்லை. பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் பாவமன்னிப்புச் சலுகையைக் காசுக்கு விற்பதை அவர்களே பதினாறாம் நூற்றாண்டில் ஒழித்துவிட்டார்கள், ஆனால் சலுகை என்ற ஏற்பாடு 2025 யூபிலியிலும் இருந்தது. மாதா விஷயம் தெரிந்ததுதான், ஆனால் மரியாளை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமில்லை என்று வத்திக்கானே 2025 நவம்பரில் எழுதிவிட்டது, நம் ஆட்கள் இன்னும் அதை வைத்தே அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்துப் போட்டன: நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள், ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம் 2016-இல் அதன் சாரத்தை ஏற்றது, சீர்திருத்த சபைகள் 2017-இல். சி.எஸ்.ஐ. இந்தக் கடைசி மூன்று குடும்பத்திலும் உறுப்பு. எங்கள் சபையில் இதைக் கேள்விப்பட்டவர்கள் என்று கை தூக்கச் சொன்னால் ஒரு கையும் எழும்பாது.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். மாப்பிள்ளை பக்கம் அவர்கள் ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுப்பார், அது பெண்ணுக்குத் தெரிவிக்கப்படும். அவள் அப்படி வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை, 1970-லிருந்து அதுதான் விதி. இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள், கல்யாண அறிக்கை வாசிக்கிற வாரத்தில் தெரிந்து அழுத வீடுகள் எனக்குத் தெரியும். பெண்ணுக்கு மறுபடி ஞானஸ்நானம் கேட்க மாட்டார்கள், நம் சபை சான்றிதழ் போதும். அப்புறம் நம் வீட்டாரும் மாப்பிள்ளையை மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லக் கூடாது, அந்த ஞானஸ்நானத்தை நாமும் ஏற்றவர்கள்தான்.

போன மாதம் வந்த அப்பா இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப கல்யாணப் பூசையில நற்கருணைக்கு எங்களையும் கூப்பிடுவாங்களா?" என்றார்.

மாட்டார்கள் என்றேன். எல்லாரும் வரிசையில் போவார்கள், நீங்களும் அம்மாவும் பெஞ்சிலேயே இருப்பீர்கள், நானும் உங்கள் பக்கத்தில்தான் இருப்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப முன் பெஞ்சு வேண்டாம் ஐயா" என்றார்.