பிரசிடென்ட்: முன்னால் உட்காருகிறவர்

2024 ஜனவரி 2ஆம் தேதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிரசிடென்ட் கிளாடின் கே பதவி விலகினார். பொறுப்பேற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் தலைப்பிலேயே கை நின்றுவிடும். துணைவேந்தர் விலகல்? முதல்வர் விலகல்? தலைவர்? அதிபர் என்று போட்டால் வெள்ளை மாளிகையில் ஏதோ நடந்துவிட்டதாக அல்லவா ஆகும்!

சரி, சொல்லிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன், ‘செதேரே’ என்றால் உட்காருதல். சபைக்கு முன்னால் உட்கார்ந்து அதை நடத்துகிறவர், அவ்வளவுதான். ஹார்வர்டில் இது இன்றும் சொல்லுக்குச் சொல் பொருந்தும். 18ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் ஹோலியோக் பிரசிடென்டாக இருந்த காலத்தில் வந்துசேர்ந்த பழைய மர நாற்காலி ஒன்று அங்கே உண்டு, முக்கோண இருக்கை, மூன்றே கால், உடம்பெல்லாம் கடைசல் வேலை, பார்த்தாலே முதுகு வலிக்கும். பட்டமளிப்பு விழாவில் பிரசிடென்ட் உட்காருவது அதில்தான்.

நாட்டுத் தலைவரைப் பார்த்துத்தான் கல்லூரிகள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டன என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கல்லூரிதான் மூத்தது. ஹென்றி டன்ஸ்டர் ஹார்வர்டின் முதல் பிரசிடென்ட் ஆனது 1640இல், ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றது 1789இல். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் குயின்ஸ் கல்லூரியின் தலைமைக்கு அதற்கும் முன்பே இதே பெயர்தான்.

அந்த நாற்காலிக்கு வழக்கமான ஏணி ஒன்று இருக்கிறது. உதவிப் பேராசிரியர், பிறகு நிரந்தரப் பேராசிரியர், துறைத்தலைவர், பல துறைகளைச் சேர்த்துப் பார்க்கும் டீன், அப்புறம் கல்விப் பக்கம் முழுவதையும் கவனிக்கும் புரோவோஸ்ட், அதற்கு மேல் பிரசிடென்ட். நம்மூரில் அரசு மருத்துவக் கல்லூரிக்கே தலைமை டீன்தான் என்பதால் இந்த வரிசை கொஞ்சம் குழப்பும். சென்னை ஐஐடியில் படித்த சுப்ரா சுரேஷ், அமெரிக்காவின் எம்ஐடியில் பொறியியல் டீனாக இருந்து, அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநராகி, 2013இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிரசிடென்ட் ஆனார். ஏணியே ஏறாமல் நேராக மேலே வந்தவர்களும் உண்டு, தளபதி ஐசனோவர் ராணுவத்திலிருந்து 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு பிரசிடென்டாக வந்தது போல.

மேலே போனால் வகுப்பெடுப்பது பெரும்பாலும் நின்றுவிடும். பணம் திரட்ட வேண்டும், அறங்காவலர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும், மாணவர் போராட்டம், பேராசிரியர் அதிருப்தி, பழைய மாணவர்களின் கோபம் எல்லாம் அந்த ஒரு மேசைக்குத்தான் வரும். சார்லஸ் எலியட் ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டு இருந்தார். இன்று அதெல்லாம் நடக்காது: அமெரிக்கக் கல்வி மன்றத்தின் கணக்குப்படி, பதவியில் இருப்பவர்கள் அதுவரை அங்கே கழித்த சராசரிக் காலம் 2006இல் 8.5 ஆண்டு, 2022இல் 5.9.

இனி தமிழுக்கு வருவோம். ‘முதல்வர்’ கையருகிலேயே இருக்கிறது, ஆனால் நம் கல்லூரி முதல்வருக்கு மேல் தாளாளரோ அரசோ இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பிரசிடென்ட் முதல்வரும் தாளாளரும் சேர்ந்த ஆள். ‘துணைவேந்தர்’ வேலையளவில் நெருங்கி வரும், ஆனால் மேலே வேந்தர் இல்லாத இடத்தில் துணைவேந்தர் எங்கிருந்து வருவார்? ‘தலைவர்’ தவறில்லை, நல்ல தமிழும்கூட, சிக்கல் என்னவென்றால் துறைக்கும் தலைவர், அறங்காவலர் குழுவுக்கும் தலைவர். மூலப்பொருளுக்கு மிக நெருங்கியது ‘தவிசாளர்’, தவிசு என்றால் இருக்கை; இலங்கையில் பிரதேச சபைத் தலைமைக்கு அது போய்விட்டது.

என் ஓட்டு ‘அதிபர்’. வடமொழி வழி வந்த சொல்தான், தெரியும். ஆனால் இலங்கைத் தமிழர் பள்ளித் தலைமைக்கு அன்றாடம் சொல்வது அதிபர் என்றுதான், நாட்டுத் தலைமை அவர்களுக்கு ஜனாதிபதி. தமிழ்நாட்டிலோ அமெரிக்க அதிபர் என்பது பழகிப்போன வழக்கு. ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்யும் இரண்டு வேலையையும் தமிழில் இந்த ஒரு சொல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. உட்ரோ வில்சன் 1902 முதல் 1910 வரை பிரின்ஸ்டன் அதிபர், 1913இல் அமெரிக்க அதிபர். எழுதிப் பாருங்கள், எங்கேயும் இடறாது.

கலிபோர்னியாவில் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மொத்த அமைப்புக்கும் பிரசிடென்ட், பெர்க்லி போன்ற ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு சான்சலர். பக்கத்திலேயே கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற தனி அமைப்பு, அங்கே அப்படியே மாறி, மொத்தத்துக்கும் சான்சலர், வளாகத்துக்குத்தான் பிரசிடென்ட். சான்சலர் என்றதும் பழக்கத்தில் ‘வேந்தர்’ என்று எழுதி பெர்க்லி வளாகத்துக்கு முடிசூட்டிவிடாதீர்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் நீதிமன்றத்துக் கம்பித் தடுப்பருகே நிற்கும் காவல்காரர். அவரை மூவேந்தர் வரிசையில் உட்கார வைத்தது நாம்தான்.