கேள்வியிலேயே பதிலை வைத்துவிடாதீர்கள்

தினமும் தலைவலி என்று வந்த பெண் ஒருவர் உட்காரும் முன்பே கைபேசியை நீட்டினார். "தினமும் தலைவலி வருவது மூளைக் கட்டியின் அறிகுறியா?" என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டிருந்தார். பதில் முழுக்கக் கட்டியைப் பற்றித்தான். இரண்டு இரவாகத் தூங்கவில்லை என்றார்.

"எப்போதிலிருந்து? வலி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். நான்கு மாதமாக ஏறக்குறைய தினமும் பாரசிட்டமால் போட்டுக்கொள்கிறாராம். ஏற்கெனவே தலைவலி உள்ளவர்கள் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி விழுங்கினால், அந்த மாத்திரையே வலியை நீடிக்கச் செய்யும். பரிசோதனையில் பயப்படும்படி எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தியதும் முதல் சில நாள் வலி கூடியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது.

செயலி பொய் சொல்லவில்லை. மாத்திரையைப் பற்றி அவர் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. இத்தகைய செயலிகளை இயக்கும் மொழி மாதிரிகள் நாம் எழுதியதை வைத்து அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்தே பதிலைக் கோக்கின்றன. கேள்வியில் கட்டி இருந்தால் பதிலும் அதைச் சுற்றியே வளரும். மனிதர்களுக்குப் பிடித்த பதிலுக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கியிருப்பதால், கேட்பவரின் எண்ணத்துக்கு ஒத்துப்போகும் சாய்வும் உண்டு.

மருத்துவ மாணவர்களுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நெஞ்சுவலி என்று வருபவரிடம் "வலி இடது கைக்குப் பரவுகிறதா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். பயந்திருப்பவர் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார். "வலியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று முதலில் பேசவிடுங்கள்.

அந்தப் பெண்ணையே கேள்வியை மறுபடி எழுதச் சொன்னேன். வயது, எத்தனை மாதமாக வலி, என்னென்ன காரணங்கள் இருக்கலாம். கடைசியில் ஒரு வரி: "பதில் சொல்லும் முன் தெரியவேண்டியதை என்னிடம் கேள்." உடனே கேள்விகள் வரிசையாக வந்தன. மூன்றாவது கேள்வி, வலி மாத்திரை எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுகிறீர்கள் என்பது.

திடீரென்று உச்சத்துக்கு ஏறும் தலைவலி, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, நாக்குக் குழறல் என்றால் எதையும் தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மற்ற நேரங்களில், மருத்துவரிடம் பதிலை மட்டும் காட்டாமல் நீங்கள் கேட்ட கேள்வியையும் காட்டுங்கள். கட்டி என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டபோதுதான், தன் அக்காவை அந்த நோய்க்குப் பறிகொடுத்ததை அவர் சொன்னார்.