நீதிமன்றச் சுருக்கெழுத்தின் வேகம் எங்கிருந்து வருகிறது

சாட்சிக்கூண்டில் நிற்பவர் சற்றுப் பதற்றமாகப் பேசினால் நிமிடத்துக்கு 150 சொற்களை எளிதில் தாண்டிவிடுவார். வழமையான எழுத்தில் நிமிடத்துக்கு 30 சொற்கள் எழுதுவதே பெரும்பாடு. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் அமர்ந்திருக்கும் சுருக்கெழுத்தாளர் இந்த ஐந்து மடங்கு இடைவெளியை நிரப்புவது விரல்களின் விரைவால் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், எதை எழுதாமல் விட்டுப் பின்னர் பிசகின்றி மீட்கலாம் என்ற கணக்கே அந்த வேகத்தின் பெரும்பகுதி.

ஆங்கிலேயரான ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை எழுத்துக்கூட்டலைக் கைவிட்டு ஒலியை மட்டும் பதிவுசெய்தது. ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஒரே கோடு. அதே கோட்டைச் சற்று அழுத்தி எழுதினால் அதற்கு இணையான அதிர்வொலி (p-க்கு b போல) கிடைக்கும். உயிரொலிகள் புள்ளிகளாகவும் சிறு கீற்றுகளாகவும் இடப்படுபவை. வேகமாக எழுதும்போது அவை பெரும்பாலும் விடுபடும். ஆனால் கோடு எழுதப்படும் இடமே உயிரைக் காட்டிக்கொடுக்கும்: ஆங்கிலத்தின் மைல், மெயில், மில் மூன்றுக்கும் மெய்க்கோடுகள் ஒன்றேயாயினும், முதலாவது வரிக்கு மேலும், இரண்டாவது வரியின் மீதும், மூன்றாவது வரியை ஊடறுத்தும் அமையும். கோட்டைப் பாதியாகக் குறைத்தால் ஆங்கில t அல்லது d ஒலி சேர்ந்துகொள்ளும். இரட்டித்தால் 'ஃபாதர்' போன்ற சொற்களின் ஈற்றசை தானே வந்துவிடும். 'க' கோட்டை இன்னொரு சொல்லின் குறுக்கே வெட்டினால் 'கம்பனி'.

பேனாவை உயர்த்தி மீண்டும் வைப்பதும் நேரத்தைத் தின்னும் வேலையே என்பதால், அடிக்கடி வரும் தொடர்கள் ஒரே இணைப்பாக எழுதப்படுகின்றன. நீதிமன்றம் இதற்கு வாய்ப்பான இடம். 'கனம் நீதிபதி அவர்களே', 'எனக்குத் தெரிந்தவரையில்' போன்றவை நாள்தோறும் மாறாமல் ஒலிக்கின்றன. எல்லோரும் அறிந்த மேற்கோளாயின் முதற்சொல்லையும் இறுதிச்சொல்லையும் எழுதி இடையில் நீண்ட கோடிட்டால் போதும். சட்டத்தரணிகளின் சம்பிரதாய மொழி கேட்பவருக்குச் சலிப்பூட்டலாம், சுருக்கெழுத்தாளருக்கோ அது மூச்சுவிடும் நேரம்.

அவ்வாறு மிச்சமாகும் நொடிகள், ஊகிக்க இயலாதவற்றுக்குச் செலவாகின்றன. பெயர், திகதி, வாகன இலக்கம், பணத்தொகை ஆகியவற்றில் எந்தச் சுருக்கமும் ஆபத்தானது. ராஜு, ராஜி இருவருக்கும் மெய்க்கோடுகள் ஒன்றே. உயிர்க்குறியை விட்டுவிட்டால் கணவனின் கையொப்பம் மனைவியுடையதாகிவிடும். எண்கள் இலக்கமாகவே எழுதப்படும். 5க்குப் பக்கத்தில் 'ந' கோடு நின்றால் 500.

அனுபவமுள்ளவர் பேச்சுக்குச் சில சொற்கள் பின்தங்கியே எழுதுகிறார், ஏனெனில் தொடர் முடிந்த பிறகுதான் அதற்கான இணைப்பு எது என்பது தெரியவரும். 22 விசைகள் கொண்ட ஸ்டெனோடைப் இயந்திரமும் இதே சிக்கனத்தை நம்பியே, பல விசைகளை ஒருசேர அழுத்தி ஓர் அசையை ஒரே தட்டலில் பதிகிறது.

தமிழ்ச் சாட்சியத்தில் கவனம் வேறிடத்துக்கு நகர வேண்டும். ஆங்கிலச் சொல்லின் தலையை எழுதி வாலை வெட்டுவது பெரும்பாலும் தீங்கற்றது. தமிழிலோ யார் செய்தார், எப்போது, செய்தாரா இல்லையா என்பவை எல்லாம் வினைமுற்றின் ஈற்றிலேயே குவிந்துள்ளன. 'பார்த்தேன்', 'பார்த்தார்கள்', 'பார்க்கவில்லை' ஆகிய மூன்றையும் 'பார்' என்று வெட்டினால் குறிப்பேட்டில் சாட்சியமே மிஞ்சாது. எனவே தமிழில் எழுதுபவர் சொல்லின் நடுவைச் சுருக்கி, ஈற்றைத் தெளிவாக நிறுத்துவதே பாதுகாப்பானது.