காம்போவுக்கு முன்னால் கற்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் ஃபைட்டிங் கேம், அதாவது இருவர் எதிரெதிரே மோதும் வீடியோ கேம், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் நாளே ஒரு காம்போவை, அதாவது விடாமல் தொடரும் அடிகளின் வரிசையை, செய்து காட்டுவார்கள். யூடியூபைப் பார்த்து வாரக்கணக்கில் பழகியது, பிசகே இருக்காது. சரி என்று எதிரில் ஒருவரை உட்கார வைத்தால், அந்தக் காம்போவைத் தொடங்கவே இடம் கிடைக்காது. எதிராளி குதிப்பார், அடி விழும். மறுபடியும் குதிப்பார், மறுபடியும் விழும். "தெரியும்ணே, ஆனா அந்த நேரத்துல கை வர மாட்டேங்குது" என்பார்கள்.

கை வராததற்குக் காரணம் கையில் இல்லை. மனம் முழுக்கத் தன் பட்டன்களிலேயே இருக்கிறது. எதிராளியைப் பார்ப்பதற்குக் கவனம் மிச்சமில்லை. அந்த மிச்சத்தைச் சேர்ப்பதற்காகத்தான் அடிப்படைப் பயிற்சி. அடிப்படை ஒரு பாடம், கவனம் வேறொரு பாடம் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 ஆகிய இரண்டு கேம்களும் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், வேகத்தில் ஓடுபவை. கண்ணால் ஒன்றைப் பார்த்து விரலால் அழுத்த மனிதருக்குச் சுமாராக 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும், அதாவது 12 முதல் 15 ஃபிரேம். டிவியின் தாமதமும் இதோடு சேரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் வேகமான சின்னக் குத்து 4 ஃபிரேமில் வந்துவிடும். அதைப் பார்த்துத் தடுக்க எவராலும் முடியாது. முன்கூட்டியே ஊகிக்கத்தான் வேண்டும். டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி வர 26 ஃபிரேம் ஆகும். ஒரு குதி கிட்டத்தட்ட முக்கால் விநாடி. இவை இரண்டையும் பார்த்தே பதில் கொடுக்கலாம். அப்படியும் என்னிடம் வருபவர்கள் அதிகமாகத் தோற்பது இந்த இரண்டுக்குத்தான்.

"டிரைவ் இம்பாக்ட் மட்டும்தான் வரும், வந்தால் நீயும் அதையே அழுத்து" என்று சொல்லிவிட்டால் புதிதாக வந்த பிள்ளைகூடப் பிடித்துவிடும். அதோடு குதியையும் துரோவையும் (பிடித்து எறிவது) கலந்தால் தடுமாற்றம் தொடங்கும். திரையில் மிச்ச உயிரைக் காட்டும் கோடு கால்வாசிக்கு வந்து, பின்னால் நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. 26 ஃபிரேம் அதே 26 ஃபிரேம்தான். தலை சுமப்பது கூடிவிட்டது. தேர்வுகள் கூடக் கூட மனிதரின் பதில் தாமதமாகும் என்று 1952-இலேயே வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் சோதனை செய்து காட்டியிருக்கிறார். அதனால் சுமையைக் குறைக்க வேண்டும். நம் ஊரைச் சுற்றிச் செம்பனைக் குலை வெட்டுபவரைப் பாருங்கள்: நீளக் கம்பைப் பிடித்திருக்கும் கையை அவர் பார்ப்பதில்லை, கண் மேலே குலையில் இருக்கும். விளையாடுகிறவருக்கும் கை அந்த அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

எங்கள் அறையில் முதல் சில வாரங்களுக்குக் காம்போவே கிடையாது. கேமின் டிரெயினிங் மோடில் எதிரே நிற்கும் பொம்மைக்கு மூன்று செயல்களைப் பதிவு செய்வோம்: முன்னால் குதிப்பது, டிரைவ் இம்பாக்ட், சும்மா நடப்பது. அவற்றை மாற்றி மாற்றி ஓடும்படி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பழக வேண்டும். ரியூ என்ற கேரக்டரை எடுத்தவர் குதிக்கு உட்கார்ந்தபடி பெரிய குத்து. வேறு யோசனையே வேண்டாம். மூன்றாவது செயலைத்தான் நான் உன்னிப்பாகக் கவனிப்பேன். பொம்மை வெறுமனே நடக்கும்போதும் பட்டனை அழுத்துகிறவர் இன்னும் ஊகித்துக்கொண்டிருக்கிறார், பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் தூரம். எதிராளியின் கால் எட்டும் இடத்துக்கு அரையடி வெளியே நின்று, அவர் அடி காற்றில் போனதும் திருப்பி அடிப்பது. சொல்ல எளிது, கைக்கு வர மாதங்கள் ஆகும். டெக்கன் ஆடுகிறவர்கள் இதோடு தண்டிக்கவும், அதாவது அடியைத் தடுத்துவிட்டு எதிராளி மீள்வதற்குள் திருப்பி அடிக்கவும், கற்க வேண்டும். தடுக்கப்பட்டபின் அடித்தவர் தடுத்தவரைவிட 10 ஃபிரேம் பின்தங்கும் அடி என்றால், 10 ஃபிரேமில் வரும் சாதாரண ஜாப் (சின்னக் குத்து) அதைத் தண்டித்துவிடும். எல்லா அடிகளின் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களை அதிகமாகத் தோற்கடிக்கும் இரண்டு கேரக்டர்களின் முக்கியமான அடிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அமர்வுக்கு ஒரே குறிக்கோள். இன்று குதியைப் பிடிப்பது என்றால் வெற்றி தோல்வி, ரேங்க் எதையும் பார்க்கக் கூடாது. எத்தனை குதி வந்தது, எத்தனை பிடித்தோம் என்பது மட்டும்தான். முடிந்ததும் தோற்ற ஆட்டம் ஒன்றின் ரீப்ளே. டெக்கன் 8-இல் ரீப்ளேயை நடுவில் நிறுத்தி, அந்த இடத்திலிருந்து நாமே ஆடிப் பார்க்கலாம். இப்படி ஒரு வசதி கையில் இருந்தும் பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒவ்வொரு சுற்றும் எந்தத் தீர்மானத்தில் கைவிட்டுப் போனது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நான்கு ஆட்டத்துக்குள் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

தோற்று மனம் சூடாகிவிட்டால் நிறுத்த வேண்டும். இதில் நான் கறார். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்று மூன்றாவதற்கு உடனே பட்டனைத் தட்டுகிறவர் கற்பதற்காக ஆடவில்லை, போன புள்ளியை மீட்க ஆடுகிறார். அப்போது கை பழைய கெட்ட பழக்கத்துக்கே போகும், அதுவே உறுதிப்படும். எழுந்து வெளியே நடங்கள், தண்ணீர் குடியுங்கள், போனை எடுக்காதீர்கள்.

தோட்டத்துப் பக்கம் இருக்கிறோம், நமக்கு எங்கே என்று சிலர் கேட்பார்கள். லாகூரிலிருந்து வந்த அர்சலான் ஆஷ் 2019-இல் ஃபைட்டிங் கேம்களின் பெரிய போட்டிகளான எவோ ஜப்பான், அமெரிக்காவில் நடந்த எவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டத்தை வென்றார். உள்ளூரில் தன்னைவிடக் குறையாத ஆட்டக்காரர்களோடு நேரில் ஆடியே வளர்ந்தவர் அவர். பக்கத்துச் சிங்கப்பூரின் ஷியான் 2013-இல் எவோவின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டத்தை எடுத்தார். வயதும் தடையில்லை. 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 தங்கத்தை வென்ற கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது 44 வயது. 44 வயதில் விரல் வேகத்தை மட்டும் நம்பி யாரும் தங்கம் எடுக்க முடியாது.

கருவிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், இருக்கும் பேடே போதும். டிவியில் கேம் மோடைப் போடுங்கள், வைஃபையை விட்டுவிட்டு வயரில் இணையுங்கள்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது தூக்கத்தைப் பற்றி. இரவு இரண்டு மணிவரை ரேங்க் ஏற்றிவிட்டுக் காலையில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பாடமும் ஏறாது, ஆட்டமும் ஏறாது. தூக்கம் குறைந்தால் எதிர்வினை மெதுவாகும், கவனம் இடையிடையே அறுந்துபோகும். மருத்துவ உலகில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம் இது. எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளை வார நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் உட்கார வைப்பதில்லை. குறிக்கோளோடு ஆடும் ஒரு மணி நேரம், சும்மா ஆடும் ஐந்து மணி நேரத்தைவிட அதிகமாகவே வளர்க்கும். ஒரேயடியாகப் பிடுங்கி வைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து "இன்னிக்கு என்ன பழகுற?" என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் பயிற்சி நடக்கிறது.

ஈப்போவில் போட்டிக்குப் போகுமுன் சனிக்கிழமை மாலை எல்லோரும் கூடி ஆடுவோம். வழக்கமாக வென்றவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து போவார். அப்படிச் செய்தால் அதிகம் கற்க வேண்டியவருக்குத்தான் மிகக் குறைவான ஆட்டம் கிடைக்கும். எங்கள் அறையில் தோற்றவர் இடத்தைவிட்டு எழ மாட்டார், வென்றவர் எழுந்து, தான் எதைக் கவனித்து அடித்தார் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவருக்குப் பேடைக் கொடுக்க வேண்டும்.