இன்னும் கொஞ்சம் பசை போட்டால் டிராகன் நிற்காது

இந்த மாதத்தில் இது நான்காவது. கீழக்கரையிலிருந்து ஒரு அம்மா, பத்தாவது படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு, பிஸ்கட் டப்பா ஒன்றை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்திருந்தார். திறந்தால் உள்ளே மேசை விளையாட்டு டிராகன் பொம்மை, ஐந்து துண்டாக. "வாப்பா துபாயிலிருந்து வாங்கிட்டு வந்தது தம்பி, மூணு தடவை விழுந்திருச்சு, ஒவ்வொரு தடவையும் நல்லாத்தான் ஒட்டினான்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "நாலு தடவை உம்மா" என்று திருத்தினான்.

வயிற்றுக்கு அடியில், பொம்மையைப் பறக்கிற மாதிரி தூக்கி நிறுத்தும் தண்டு வந்து சேரும் இடத்தில், சூப்பர் குளூ வேப்பம்பிசின் மாதிரி கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். மொத்தக் கட்டியும் ஒரு மூடி மாதிரி கழன்று வந்தது. அதைத் திருப்பி அவனிடம் காட்டினேன்: அடிப்பக்கம் முழுக்கப் பச்சைப் பெயின்ட். நாலு தடவையும் பசை டிராகனைத் தொடவே இல்லை, டிராகன் மேல் இருந்த பெயின்ட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: எங்கள் வீடு ராமேஸ்வரத்தில் சிப்பிப் பொம்மை செய்கிற வீடு. அத்தை இன்றைக்கும் சோழியில் ஆமை ஒட்டுகிறார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், வார்ஹாம்மர் மாதிரி மேசை விளையாட்டுக்காரர்களின் மினியேச்சர்களுக்கு, அதாவது காய்களாக வைக்கும் குட்டிப் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன், உடைந்ததைச் சரிசெய்கிறேன். சென்னை, பெங்களூரிலிருந்து பார்சல் வரும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் நேரில் கொண்டுவருவார்கள். நிற்கிற வீரர்கள் அநேகமாக என்னிடம் வருவதில்லை. டிராகன், கிரிஃபின் (கழுகுத் தலை வைத்த சிங்கம்), வௌவால், இறக்கை வைத்த பிசாசு என்று பறக்கிறதெல்லாம்தான் வரிசையாக வருகிறது.

வருகிற எல்லோரும் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: "நல்ல பசை எதுண்ணே?"

பசை இல்லை. நீங்கள் வைத்திருக்கும் பசையே போதும். ஒரு உயிரை ஒற்றைத் தண்டின் மேல் அந்தரத்தில் நிறுத்தினால் அது நெம்புகோல் சமாச்சாரம் ஆகிவிடுகிறது. 150 கிராம் டிராகன், அதன் எடை மையம் தண்டிலிருந்து 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி இருக்கிறது, ஒட்டின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டின் ஓரத்தில் விழும் இழுப்பு 2 கிலோ. சும்மா நிற்கும்போதே இவ்வளவு. மேசையை யாராவது இடித்தாலோ, விளையாடுகிறவர் இறக்கையைப் பிடித்துத் தூக்கினாலோ (எல்லோரும் இறக்கையைத்தான் பிடிக்கிறார்கள், வயிற்றைப் பிடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது) எத்தனை மடங்கு கூடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சூப்பர் குளூ நேராக இழுத்தால் அசாத்தியமாகப் பிடிக்கும். பக்கவாட்டில் நெம்பினால், ஓரத்திலிருந்து உரித்தால், சட்டென்று விட்டுவிடும். அதன் குணம் அது.

அப்புறம் இந்த "இன்னும் கொஞ்சம் போடலாமே" என்கிற எண்ணம். சூப்பர் குளூ மெல்லிய ஏடாக இருக்கும்போதுதான் அதற்குப் பலம். காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது. கட்டியாக ஊற்றினால் வெளித்தோல் இறுகிவிடும், உள்ளே சரியாக இறுகாமல் பலவீனமாகவே கிடக்கும். அதன்மேல் இரண்டாவது தடவை ஊற்றுகிறீர்கள், அது பழைய பசை மேல் ஒட்டுகிறது. மூன்றாவது இரண்டாவதன் மேல். பொம்மை எங்கேயோ, பசை எங்கேயோ. சிலர் ஆப்பச் சோடாவைத் தூவி, "கல்லு மாதிரி ஆயிருச்சுண்ணே" என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். கல் மாதிரி ஆகும்தான், கல் மாதிரியே நறுக்கென்று உடையவும் செய்யும். இடைவெளியை நிரப்பச் சோடா நல்லது. பாரம் தாங்குகிற இடத்தில் வேண்டாம்.

தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வத்தை என்கிற பாய்மரப் படகைப் பார்த்திருப்பீர்கள். பாய்மரத்தை யாராவது பசை போட்டா நிறுத்துகிறார்கள்? குழியில் இறக்கி நிறுத்துகிறார்கள். கச்சான் காற்று பாயில் அறையும்போது பாரத்தைத் தாங்குவது மரமும் குழியும் படகின் உடம்பும்தான். டிராகனுக்கும் அதே வேலைதான். துளை போடுங்கள், கம்பி இறக்குங்கள். பசை, கம்பி நழுவாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன், அவ்வளவுதான்.

கம்பி என்றதும் பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக்கொண்டு வராதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன். வெளியூர்க்காரர்கள் வீடியோவில் அதைத்தான் காட்டுகிறார்கள், அவர்கள் ஊருக்கு அது சரி. நாம் இருப்பது எந்தக் கரையில்? 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் பேப்பர் கிளிப் எம்மாத்திரம்? உள்ளே கம்பி துருப்பிடித்து, பருத்து, ரெசினை (பொம்மை செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக்) பிளந்துகொண்டு பழுப்பு நீர் வடிந்த கிரிஃபின் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன். பத்தர் கடையில் கேட்டால் பித்தளைக் கம்பி கிடைக்கும். கையளவு பொம்மையின் இறக்கைக்கு 1 மில்லிமீட்டர், உடம்பைத் தாங்குகிற தண்டுக்கு 2. இரண்டு பக்கமும் 5, 6 மில்லிமீட்டராவது உள்ளே போக வேண்டும். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெட்டுப்பட்ட துணுக்கு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு துளையும் நேருக்கு நேர் அமையவில்லை என்று அடுத்த புலம்பல். ஒரு பக்கம் துளை போட்டுக் கம்பியை வையுங்கள், வெளியே அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும், நுனியில் சாந்துப் பொட்டு தொட்டு, மறுபக்கத்தை அதன்மேல் ஒரு தடவை அழுத்தி எடுங்கள். பொட்டு விழுந்த இடத்தில் துளை. அத்தை சொல்லிக்கொடுத்தது இது, சோழி ஆமைக்குத் தலை வைக்க அவர் இப்படித்தான் செய்வார். துளையைக் கையால் சுழற்றும் சின்ன டிரில்லில் மெதுவாகப் போடுங்கள். மெஷின் டிரில் வைத்தால் பிளாஸ்டிக் உருகும், 3டி பிரிண்டரில் அச்சிட்ட ரெசின் விரிசல் விடும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. ஒட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தண்டை எங்கே வைப்பது? கடையில் வாங்கும்போதே வயிற்றில் ஒரு குழி இருக்கிறது, அங்கேதான் வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இறக்கை, தலை, வால் எல்லாவற்றையும் மெழுகு வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தலையும் தாழாமல் வாலும் தாழாமல் நிற்கிறதோ அங்கே. நான் முதலில் ஒரு ஈர்க்குச்சியை வைத்து நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லையே எடுப்பேன். கீழக்கரைப் பையனுடையதில் குழிக்கும் எடை மையத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு கட்டை விரல் தூரம் இருந்தது. அப்படி இருந்தால் எந்தப் பசைதான் நிற்கும்?

தண்டு நிற்கிற அடித்தட்டு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. டிராகன் சாய்கிறதே என்று தட்டைப் பெரிதாக்கிவிட முடியாது, ஏனென்றால் தட்டின் அளவு விளையாட்டு விதியோடு கட்டுப்பட்டது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மேசையில் ஒரு அங்குலக் கட்டம் என்பது கதை உலகில் 5 அடி, 'லார்ஜ்' உயிர் 2 கட்டத்துக்கு 2 கட்டம் இடம் பிடிக்கும், 'ஹியூஜ்' 3-க்கு 3. ஆகவே தட்டின் அளவைத் தொடாமல் எடையைக் கூட்டுங்கள். உள்ளே குழிவான தட்டு என்றால் இரும்பு வாஷர்களை அடுக்கி அரால்டைட் ஊற்றி மூடிவிடுங்கள், துருவும் ஏறாது. தூண்டில் கடை ஈயக்குண்டு வைக்கிறவர்களும் உண்டு. எடை அருமையாக இருக்கும், ஆனால் ஈயத்தை அராவாதீர்கள், தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு அது வேண்டவே வேண்டாம். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகைத் தட்டு நம் ஊர் ஈரத்தில் உப்பும், ஓரத்தையும் அடியையும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

கண்ணாடி மாதிரித் தெரிகிற தண்டில் சூப்பர் குளூ வைத்து, வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது என்று அழுகிறவர்களுக்கு: அது பசையின் ஆவி, ஈரக்காற்றில் இன்னும் மோசமாகப் படியும். அங்கே இரண்டு டியூப் கலக்கும் எபாக்சியைப் பயன்படுத்துங்கள், ஒரு ராத்திரி பொறுங்கள். பொறுமை இல்லையென்றால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம், கேரம் ஆடுங்கள். அப்புறம் பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சிட்ட தண்டு 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதை வைத்துவிட்டு ராமநாதபுரத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பினால், டிராகன் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கும்.

விழவே விழாத டிராகன் என்று ஒன்றும் இல்லை. ஆகவே எங்கே விட வேண்டுமோ அங்கே விடும்படி செய்துகொள்வது நல்லது. தண்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே நியோடிமியம் காந்தம் (சின்னதானாலும் பலமாக இழுக்கும்), 5 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன். கை பட்டால் முழு உடம்பாகக் கழன்று விழும், இறக்கை முறியாது, பஸ்ஸில் கொண்டுபோகவும் சுலபம். காந்தம் நேர் இழுப்பைத் தாங்கும், வழுக்கலையும் சுழலையும் தாங்காது, அதனால் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி முளை வையுங்கள். ஒட்டும் முன் எந்த முகம் எதை இழுக்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நானே ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

இந்தக் காந்தத்தைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் உதிரிக் காந்தத்தை மேசையில் விட்டு வைக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் நசுக்கியபடி ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வெளியே வந்துவிடும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சூப்பர் குளூ கைலியிலோ பஞ்சிலோ கொட்டினாலும் கவனம், பருத்தி பட்டால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகித் தோலைச் சுட்டுவிடும்.

இன்னொன்று, நம் கரைக்காரர்களுக்கு மட்டும். போன வாரம் ஒருவர் டிராகனுக்குக் கீழே பாறை மாதிரி இருக்கட்டும் என்று நிஜப் பவளப்பாறைத் துண்டை ஒட்டிக் கொண்டுவந்தார். கரையில் கிடந்ததுதானே என்றார். கிடந்தாலும் எடுக்கக்கூடாது. 2001-லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. சிப்பித் தொழில் வீட்டில் பிறந்தவனிடம் அதைக் கொண்டுவந்து நீட்டியதில் அத்தைக்கு வந்த கோபத்தை நான் எழுத முடியாது. வேப்பம்பட்டை இருக்கிறது, ஓட்டுச் சில்லு இருக்கிறது, தெர்மாகோல் இருக்கிறது. பெயின்ட் அடித்தால் பாறைதான். அந்தப் பாறையிலேயே வாலின் நுனியோ ஒரு கால் நகமோ தொடுகிற மாதிரி வைத்தால், உள்ளே கம்பி ஓட்டித் தண்டே தெரியாமல் செய்துவிடலாம். பாம்பன் மீன் இறங்குதளத்தில் செம்பருந்து மீனைக் காலில் பற்றிக்கொண்டு எழும்பும்போது கால் மணி நேரம் நின்று பாருங்கள், எந்த நொடியில் அது தரையை விடுகிறது, இறக்கை எப்படி இருக்கிறது என்று. அந்த நொடியைப் பிடித்தால் போதும்.

கீழக்கரை டிராகன் இப்போது என் அலமாரியில், ஃபேனுக்கு நேர் கீழே, ஐந்தில் வைத்து, இரண்டு நாளாக நிற்கிறது. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒட்டியது அரை மணி நேரம்தான், நாலு தடவை போட்ட பழைய பசையை உரித்ததற்குத்தான் ஒன்றரை நாள் கூலி. உடைந்தால் துண்டுகளை, தூள் உட்பட, மாத்திரை டப்பாவில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். பசை மட்டும் வேண்டாம்.