பப்: பொது வீடா, மதுக்கூடமா?

சென்னையில் ‘பப்’ என்றதும் இருட்டும் காதைக் கிழிக்கும் பாட்டும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அது வேறு சங்கதி. ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் குறுக்கம்தான் பப். பொது வீடு, அவ்வளவுதான். சொல்லுக்குள் ஒரு சொட்டு மது கிடையாது. பழைய கணக்கில் ஏல் (ஒருவகை பீர்) விற்றால் ஏல்ஹவுஸ், படுக்க இடம் கொடுத்தால் இன், ஒயின் விற்றால் டேவர்ன் (நம் யாழ்ப்பாணத்துத் தவறணை இதன் உறவுக்காரன்). 1830இல் வந்த பீர் சட்டப்படி, வரி கட்டும் எவரும் இரண்டு கினிக்கு (அந்தக் கால ஆங்கிலேய நாணயம்) உரிமம் வாங்கித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றானது.

இங்கிலாந்தில் டட்லி நகரை ஒட்டிய ஹிம்லியில் 1765இல் கட்டிய பண்ணை வீடு ஒன்று அந்த 1830 வாக்கில்தான் பப் ஆனது. பெயர் ‘கிளின் ஆர்ம்ஸ்’. ஆர்ம்ஸ் என்றால் இங்கே கையுமில்லை ஆயுதமுமில்லை, நிலக்கிழாரின் குலச்சின்னம். ஊர்க்காரர்கள் வாயில் அது ‘சைடன் ஹவுஸ்’. சைடன் என்றால் அந்த வட்டார வழக்கில் கோணல். அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டி ஒரு பக்கம் நாலடி இறங்கிவிட்டது. உள்ளே கோலிக்குண்டை வைத்தால் மேட்டைப் பார்த்து உருளும், அதாவது அப்படித் தோன்றும். சுவரே சாய்ந்து கிடப்பதால் கண்ணுக்கு மேடாகத் தெரிவது உண்மையில் பள்ளம்.

2023 ஜூலையில் கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது, இரண்டே நாளில் அனுமதி இல்லாமல் இடித்தும் விட்டார்கள். ஊர் கொதித்தது. 2024 பிப்ரவரியில் உள்ளாட்சி மன்றம், மூன்று ஆண்டுக்குள் பழையபடியே கட்டித்தர உரிமையாளர்களுக்கு உத்தரவிட்டது.

சரி, பப்பைத் தமிழில் என்ன சொல்வது? மதுக்கூடம், மதுவிடுதி எல்லாம் பாருக்குச் சரி. ஆனால் ஹிம்லியில் சனங்கள் மனம் கசந்தது பீருக்காகவா? ஊர் கூடும் பொது இடம் போனதற்குத்தானே. சங்கத் தமிழில் ‘பொதியில்’ என்று ஒரு சொல் இருக்கிறது: பொது + இல், அப்படியே பப்ளிக் ஹவுஸ்! பட்டினப்பாலையில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவது பொதியிலில்தான். அங்கே விளக்கேற்றி வழிபட்டார்கள், அதைப் போய் குடிக்கிற இடத்துக்கு வைப்பதா என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். அப்படியானால் ‘குடிப்பொதியில்’ என்று வைத்துக்கொள்ளலாம். குடி என்றால் ஊர்க்குடிகளும்தானே.